உச்சியில் நிற்கிற ஆட்டைப் புலி வெட்டலாமா?

ஆடு புலி ஆட்டம் தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. முக்கோணத்தின் உச்சிப் புள்ளியில் ஒரு ஆடு நிற்கிறது. இடது பக்கம் இறங்குகிற கோட்டில், உச்சிக்கு அடுத்த புள்ளியில் புலி. வலது பக்கம் இறங்குகிற கோட்டில், உச்சிக்கு அடுத்த புள்ளி காலி. புலி உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்து ஆட்டை வெட்டலாமா?

ரெண்டு பேர் "தாராளமா வெட்டலாம்" என்பார்கள். ஒருத்தர் "அது எப்படி, கோடு மடங்குதே" என்பார். நாலாவது ஆள் சிரித்துக்கொண்டே, "அது புலி யாரு கையில இருக்குங்கிறதப் பொறுத்தது" என்பார். எனக்கு அந்த நாலாவது ஆளோடுதான் வழக்கு.

புலிக்கு எது நேர், எவ்வளவு தூரம் என்ற ரெண்டு விஷயத்தையும் முதல் காய் இறங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சப்ரகமுவ தோட்டங்களில் இது மழை நாள் ஆட்டம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையோடு இறப்பரும் உண்டு. மழை பிடித்துவிட்டால் பால் வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அப்படியான காலையில் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, சீமெந்துத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டு, ஆட்டுக்கு இறப்பர் கொட்டை, புலிக்கு சோடா மூடி என்று தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் போகும். பலகை வாங்க வேண்டியதில்லை, காய் வாங்க வேண்டியதில்லை. தேவைப்படுவது விதி ஒன்றுதான். அதுதான் நம்மிடம் இல்லை.

பலகை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு கோடு விசிறி மாதிரி கீழே இறங்கும். அந்த நாலையும் மூன்று குறுக்குக் கோடு வெட்டும். குறுக்குக் கோடுகள் முக்கோணத்துக்கு வெளியே ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்கும், அந்த நுனிகளை இடது பக்கம் ஒரு கோடும் வலது பக்கம் ஒரு கோடும் சேர்க்கும். கடைசியாக, இறங்கி வந்த நாலு கோட்டின் காலையும் சேர்க்கிற அடிக்கோடு. எண்ணிப் பாருங்க: உச்சி 1, ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 புள்ளி. புலி 3, ஆடு 15. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை இறக்குவார், பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆடும் நகராது. புலி பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம், அல்லது பக்கத்தில் நிற்கிற ஆட்டை நேராகத் தாண்டி, அதற்கு அடுத்த காலிப் புள்ளியில் இறங்கி வெட்டலாம். மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது.

"நேராக" என்று ஒரு சொல் போட்டேனே, சண்டை முழுக்க அதில்தான்.

கரியால் போட்ட கோடு எப்போது நேராக இருந்திருக்கிறது? தரையில் ஒரு வெடிப்பு இருந்தால் கோடு அங்கே வளையும். சின்னப் பிள்ளை வரைந்தால் இறங்கு கோடு நடுவில் ஒரு குத்து வாங்கும். அப்போது ஒருத்தர் சொல்வார்: "டேய், இது நேர் இல்லடா, வளைஞ்சிருக்கு, புலி பாயாது." அடுத்த ஆட்டத்தில் அதே ஆள், புலி தன் கையில் இருக்கும்போது, உச்சியில் மடங்குகிற கோட்டை "இது ஒரே கோடுதான் மச்சான்" என்பார். கண்ணால் பார்த்து நேர் என்று முடிவு பண்ணுகிற வரைக்கும் இது ஓயாது. ஒவ்வொருத்தர் உட்கார்ந்திருக்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

இதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. கண்ணை விட்டுவிட்டு, கோடுகளை எண்ணிவிடுங்க. இந்தப் பலகையில் கோடு மொத்தம் பத்துதான். உச்சியிலிருந்து இறங்குவது நாலு, குறுக்கே மூன்று, அடிக்கோடு ஒன்று, பக்கக் கோடு ரெண்டு. ஆட்டம் தொடங்கும் முன் விரலை வைத்து பத்தையும் ஒரு தடவை இழுத்துக் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு விதி ஒரே வரிதான்: புலி நிற்கிற புள்ளி, ஆடு நிற்கிற புள்ளி, இறங்கப் போகிற புள்ளி மூன்றும் அந்தப் பத்தில் ஒரே கோட்டின் மேல் அடுத்தடுத்து இருந்தால் வெட்டலாம். இல்லையென்றால் முடியாது. கரிக்கோடு நெளிந்திருக்கிறதா, தரை வெடித்திருக்கிறதா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு கோட்டில் ஏறி இன்னொரு கோட்டில் இறங்கினால் அது மடக்கு, மடக்கில் வெட்டு கிடையாது.

இந்த விதியில் உச்சி ஆடு பிழைத்துவிடும். நாலு கோடும் உச்சியில் முடிகிறதே தவிர, எந்தக் கோடும் உச்சியைக் கடந்து அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே அங்கே நிற்கிற ஆட்டைத் தாண்ட ஒரு புலிக்கும் வழி இல்லை.

"சரி, ஒரு புள்ளிதானே, அதுக்குப் போயி இவ்வளவு பேச்சா?" என்று யாராவது கேட்கலாம். ஒரு புள்ளி இல்லை. நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மடக்கில் வெட்டு இல்லை என்று வைத்தால், ஆட்டை வெட்டவே முடியாத புள்ளிகள் ஏழு: உச்சி, இடமும் வலமுமாக முதல் குறுக்குக் கோட்டின் ரெண்டு நுனி, மூன்றாம் குறுக்குக் கோட்டின் ரெண்டு நுனி, அடிக்கோட்டின் ரெண்டு மூலை. நடுக் குறுக்குக் கோட்டின் நுனி இதில் சேராது. பக்கக் கோடு அதைக் கடந்து போகிறது, மேலிருந்து கீழே புலி பாய்ந்துவிடும். இப்போது மடக்கில் வெட்டலாம் என்று விட்டுப் பாருங்க. அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சாது. 23 புள்ளியும் ஆபத்துதான். ஏழு இடம் பத்திரமாக இருக்கிற ஆட்டமும், ஒரு இடம்கூட இல்லாத ஆட்டமும் பேரில் மட்டும்தான் ஒன்று. பதினைந்து ஆட்டை இறக்குகிறவர் முதல் ஆட்டை எங்கே வைப்பது என்பதே மாறிவிடுகிறது. மூலை பத்திரம் என்று நம்பி அங்கே ஆட்டை வைத்துவிட்டு, பத்தாவது ஆடு இறங்கும்போது "இல்லயே, எங்க வீட்டு ஆட்டத்துல புலி மடங்கிப் பாயும்" என்று கேட்க நேர்ந்தால் அவர் என்ன செய்வார்? ஆடு நகரவும் முடியாது, பதினைந்தும் இறங்கியாக வேண்டும்.

இனி தூரம். இங்கேயும் பல ஆட்டங்கள் ஒரே பேரில் ஓடுகின்றன. நான் மேலே சொன்ன விதியில் புலியின் பாய்ச்சல் ஒரு ஆடு தூரம்தான். ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் பாய முடியாது. ஆட்டுக்காரரின் தற்காப்பு முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது: சேர்ந்து நில், பின்னால் காலி விடாதே. வேறு சிலர், ரெண்டு ஆடு வரிசையாக நின்றாலும் அதற்குப் பின்னால் காலி இருந்தால் புலி ரெண்டையும் தாண்டும் என்று விளையாடுகிறார்கள். அப்படியானால் சேர்ந்து நிற்பதில் புண்ணியம் இல்லை, மூன்று மூன்றாக நிற்க வேண்டும். இன்னும் சிலர், தள்ளி நிற்கிற ஆட்டைக்கூட நடுவில் காலியாக இருந்தால் புலி ஓடி வந்து வெட்டும் என்பார்கள்.

இந்த ஓட்டப் புலி ஒன்றும் நினைத்தே பார்க்க முடியாத விதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாம் ஆட்டத்தில் இதே பிரிவு உலகம் முழுக்க இருக்கிறது. 8க்கு 8 பலகையில் ஆளுக்கு 12 காயோடு ஆடும் ஆங்கிலேய முறையில் ராஜா ஒரு கட்டம்தான் நகரும். 10க்கு 10 பலகையில் ஆளுக்கு 20 காயோடு ஆடும் சர்வதேச முறையில் ராஜா கோடு முழுக்கப் பறக்கும். ரெண்டும் நல்ல ஆட்டம்தான். ஆனால் பறக்காது என்று நினைத்து ஒருத்தரும், பறக்கும் என்று நினைத்து ஒருத்தரும் ஒரே பலகையில் உட்காருவதில்லை. அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தூரத்தில் இன்னொரு ஒளிந்த கேள்வி, தொடர் வெட்டு. ஒரு ஆட்டை வெட்டி இறங்கிய இடத்தில் இன்னொரு ஆடு வசமாக நின்றால், அதே கையில் அதையும் வெட்டலாமா? நான் பழகியது ஒரு தடவைக்கு ஒரு ஆடு. தொடர்ந்து வெட்டலாம் என்றால் ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி நிற்கிற ஆடுகள் மூன்று நாலு ஒரே மூச்சில் போய்விடும். வெட்டு வாய்த்தால் வெட்டியே ஆக வேண்டுமா என்பதும் இதன் தம்பிதான். கட்டாயம் என்றால் ஒரு ஆட்டைத் தீனியாகக் காட்டிப் புலியை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் அடைக்கலாம். எனக்குக் கட்டாயம் இல்லாத முறைதான் பிடிக்கும், புலிக்கு யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. இது ருசி, நீதி இல்லை. உங்கள் ருசி வேறாக இருக்கலாம்.

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் ஆட்டம் எப்போது தொடங்குவது என்று எரிச்சல் வரும், தெரியும். எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. மடக்கு உண்டா, ஒரு ஆடா ரெண்டு ஆடா, தொடர் வெட்டு உண்டா. மூன்று கேள்வி, அரை நிமிடம்.

இதை விளையாட்டு என்று விட்டுவிட முடியாமல் செய்வது வேறொன்று. விதி சொல்லப்படாத ஆட்டத்தில் யார் சொல்வது விதியாகிறது? லயத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய அண்ணன் சொல்வது. கோடு போட்டவன் சொல்வது. சத்தம் கூடியவன் சொல்வது. தங்கச்சி உச்சியில் ஆட்டை வைத்து நல்லா யோசித்து மூன்றாவது புலியை மடக்குகிற நேரத்தில்தான், "புலி மடங்கிப் பாயும், உனக்குத் தெரியாதா?" என்ற புது விதி பிறக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள். "அவளுக்கு ஆடத் தெரியல" என்று ஒரு தீர்ப்பும் பின்னாடியே வரும். நான் பார்த்த வரைக்கும் பெண் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை விட்டுப் போனதற்கு வேலை, படிப்பு, போன் எல்லாம் காரணம்தான். இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்து ஆளுக்கு இந்த உணர்வு புதுசா என்ன? கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதுதான் இன்றைக்குத் தண்ணிக்கு எத்தனை கிலோ கழிவு, கூடைக்கு எத்தனை கழிவு என்று தெரியவரும். மலையில் நிற்கும்போது சொல்லியிருந்தால் அதற்கேற்ற மாதிரி எடுத்திருக்கலாம். அளவு என்பது வேலைக்கு முன்னால் தெரிந்தால் விதி, பின்னால் தெரிந்தால் அதற்குப் பேர் வேறு. அதை அம்மாமார் நன்றாக அறிவார்கள். அதே வீட்டு இஸ்தோப்பில் பிள்ளைகள் அதே பழக்கத்தைச் சோடா மூடியை வைத்துப் பழகுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. விதியைக் கூட்டக் கூட்ட ஆட்டம் செத்துவிடும், அனுபவப்பட்ட ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் போதும் என்பது அந்த வாதம். இதைப் பெரிய இடத்திலேயே பேசியிருக்கிறார்கள். பிரஷ்யப் படையில் 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வரைபடத்தின் மேல் ஆடுகிற போர் ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். எந்தத் தூரத்திலிருந்து சுட்டால் எவ்வளவு சேதம் என்பதற்கு அட்டவணை, பகடை, நடுவர் எல்லாம் அதில் உண்டு. அட்டவணை பெருகிப் பெருகி ஆட்டம் ஊர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்பவர், அட்டவணையைத் தூக்கி ஓரமாக வையுங்கள், போரைப் பார்த்த நடுவர் தன் புத்தியால் சொல்லட்டும் என்றார். அந்த இடத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். அங்கே நடுவர் ஆடுகிறவர் இல்லை, தனி ஆள். இஸ்தோப்பில் நமக்கு அப்படி ஒரு ஆள் கிடைப்பதில்லை. நடுவராக இருப்பவரே புலியையும் கையில் வைத்திருக்கிறார்.

எச்.ஜி. வெல்ஸ் 1913இல் "லிட்டில் வார்ஸ்" என்ற புத்தகத்தில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் ஆட்டத்துக்கு விதி எழுதினார். காலாள் ஒரு தடவைக்கு ஒரு அடி, குதிரைப்படை ரெண்டு அடி. சுடுவதற்கு மட்டும் அவர் விதியே எழுதவில்லை என்று சொல்லலாம்: சின்ன மரக்கட்டையை உண்மையிலேயே எறிகிற பொம்மைப் பீரங்கி. குறி பார்த்துச் சுடு, சிப்பாய் விழுந்தால் செத்தான். மறைவில் நிற்கிறவன் தெரிகிறானா, எட்டுமா என்ற பேச்சுக்கே இடமில்லை. அழகான வழிதான். ஆனால் சோடா மூடி தானாகப் பாயாதே.

இன்றைக்கு மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் "வார்ஹாமர் 40,000" போன்றவற்றை நம்மில் பலர் யூடியூபில்தான் பார்த்திருப்போம். 1987இல் தொடங்கிய ஆட்டம். அதில் பொம்மையின் பின்னால் குனிந்து, அதன் கண் மட்டத்திலிருந்து எதிரி தெரிகிறானா என்று பார்க்கிற பழக்கம் உண்டு. வளர்ந்த மனிதர்கள் மேசை விளிம்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், நம்ம கரிக்கோட்டுச் சண்டைதான் அது. தூரத்துக்கு அவர்களிடம் அளவு டேப். பழைய பதிப்புகளில் முதலில் யாரைச் சுடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் அளக்கலாம். எட்டாவிட்டால் சூடு வீண். 2012இல் வந்த ஆறாம் பதிப்பு, எப்போது வேண்டுமானாலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டது. கண்ணால் தூரம் மதிப்பது ஒரு திறமை, அதைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு மாற்றம் பிடித்திருக்கிறது. எட்டுமா எட்டாதா என்பது ரெண்டு பேருக்கும் தெரிந்த பிறகு என்ன செய்கிறாய் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு (2014) நான் சொன்ன பத்துக் கோட்டுக்குக் கிட்டத்தில் வருகிறது. கட்டம் போட்ட பலகையில், தாக்குகிறவரின் கட்டத்து மூலை ஒன்றிலிருந்து எதிரியின் கட்டத்து நாலு மூலைக்கும் கோடு இழுத்துப் பார். ஒன்று ரெண்டு தடைபட்டால் பாதி மறைவு, மூன்று நாலு தடைபட்டால் முக்கால் மறைவு. குனிந்து பார்க்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும். எண்ணத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளையும் இருபது வயது அண்ணனும் அங்கே ஒரே உயரம்.

விதியை இப்படிக் கடைசிக் கோடு வரை எழுதி வைத்தால் ஆட்டத்தின் சுவை போய்விடும் என்பவர்களுக்கு நேபாளத்துப் பாக்சாலைக் காட்டுவேன். அது நம்ம ஆட்டத்தின் பங்காளி. 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அந்தப் பலகையில் எல்லாப் புள்ளியிலும் மூலைவாட்டுக் கோடு கிடையாது, ஒன்று விட்டு ஒன்றில்தான். கோடு இல்லாத இடத்தில் மூலைவாட்டில் நகரவும் முடியாது, பாயவும் முடியாது. இதில் எந்தக் குழப்பமும் இல்லாததால்தான் லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற ரெண்டு கணினி ஆய்வாளர்கள் அதைக் கணினியில் போட்டு, ரெண்டு பக்கமும் தவறில்லாமல் ஆடினால் சமநிலை என்று காட்ட முடிந்தது. நம்ம 23 புள்ளி ஆட்டத்தை அப்படிக் கேட்டால், கணினி முதலில் திருப்பிக் கேட்கப் போவது உச்சி ஆட்டைப் பற்றித்தான்.

கேரமில் கை அம்புக்குறியைத் தாண்டியது என்று எவ்வளவு சண்டை போட்டாலும், 1988இல் தொடங்கிய சர்வதேச கேரம் சம்மேளனம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. ஆடு புலிக்கு யார் இருக்கிறார்கள்?

இலங்கையில் இந்த வகை ஆட்டங்களை எழுத்தில் பதிந்தவர்களில் முக்கியமானவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்த ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர். 1909இல் வந்த "ஏன்சியன்ட் சிலோன்" புத்தகத்தில் சிங்களக் கிராமங்களின் திவியன் கெளிய, அதாவது சிறுத்தை ஆட்டம், வகைவகையாக வருகிறது. ஹத் திவியன் கெளிய என்பதில் ஏழு சிறுத்தை, ஒரு புலி. புலி தாவி வெட்டும், சிறுத்தைகள் சேர்ந்து புலியை அடைக்க வேண்டும். (காட்டுப் புலியே இல்லாத நாட்டில் புலி ஏழு சிறுத்தைக்கு எதிராக நிற்கிறது, அது தனிக் கதை.) இன்னொன்றின் பேர் தெமள திவியன் கெளிய, தமிழரின் சிறுத்தை ஆட்டம். பக்கத்து வீட்டுக்காரர் நம்ம ஆட்டத்துக்குப் பேர் வைத்து, வெள்ளைக்காரர் அதை எழுதி வைத்து, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோட்டத்துக்காரர் யாராவது தன் ஆட்டத்தின் விதியைத் தானே எழுதி அச்சில் பார்த்த நினைவு எனக்கு இல்லை.

சப்ரகமுவவில் இது இன்னும் கொஞ்சம் அவசரம். இங்கே தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. எட்டியாந்தோட்டையோ இறக்குவானையோ, பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் போய் வருகிறார்கள். கிராமத்துப் பையன் ஒருத்தன் வந்து பலகை முன் உட்கார்ந்தால் "கெலின்" என்பதற்கு அவன் வீட்டில் ஒரு அர்த்தம், "நேர்" என்பதற்கு நம்ம வீட்டில் ஒரு அர்த்தம். பத்துக் கோட்டை விரலால் இழுத்துக் காட்ட எந்த மொழியும் வேண்டாம்.

போன் ஆட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. "போன்ல அப்படித்தான் இருக்கு" என்பது இப்போது கடைசித் தீர்ப்பாகிவிட்டது. செயலியை எழுதியவர் எங்கேயோ உட்கார்ந்து மடக்கு இல்லை, தொடர் வெட்டு இல்லை என்று ஒரு முடிவு எடுத்திருப்பார். அது தப்பு என்று சொல்லவில்லை. செயலியில் புலி பாயவில்லை என்றால் ஏன் பாயவில்லை என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டு முறைதான் சரி, எங்க லயத்து முறை பிழை என்று நம்மாட்களே சொல்லத் தொடங்கியிருப்பது அதைவிட வருத்தம். மடக்குப் புலி வைத்து ஆடுகிற லயம் இருந்தால் அது அந்த லயத்து ஆட்டம், முழு உரிமையோடு. அதை முதல் காய்க்கு முன்னால் சொன்னால் ஏழு மூலையும் ஆபத்து என்று தெரிந்தே ஆட்டுக்காரர் இறக்குவார். புலிக்கு அவ்வளவு வசதி கூடிவிட்டதே என்று தோன்றினால் ஆட்டை ரெண்டு மூன்று கூட்டிப் பாருங்க. சரிவருகிறதா என்று நாலு மழை நாளில் தெரிந்துவிடும்.

அதனால் ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்க. பலகையை வரையுங்க. உங்க தோட்டத்தில் கோடு எத்தனை, புலி எத்தனை, மடக்கு உண்டா, எத்தனை ஆடு தூரம், தொடர் வெட்டு உண்டா என்று எழுதுங்க. எந்த டிவிசன், யாரிடம் கற்றது என்பதையும் சேர்த்து. அப்பாயியிடமோ தாத்தாவிடமோ கேட்கும்போது வெறும் வாயால் கேட்காதீங்க, "புலி நேராப் பாயும்" என்பதோடு முடித்துவிடுவாங்க. தரையில் கோடு போட்டு, கொட்டை ஒன்றை உச்சியில் வைத்து, பக்கத்தில் மூடியை வைத்து, "இப்ப?" என்று கேளுங்க. கொஞ்ச நேரம் பார்ப்பாங்க. அப்புறம் கையை நீட்டி மூடியை எடுப்பாங்க. எங்கே வைக்கிறாங்க என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்க.